தழும்பு கூறும் வரலாறு



நம் எலவனாசூர்கோட்டைப் பெரியவர்களின் கைகளிலுள்ள அம்மைத் தழும்பு ஒரு வரலாற்றுச் சான்றாகும். 1796ல் ஜென்னர் கண்ட தடுப்புமுறையின் காப்பு, ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். எனவே அன்றே மறுமுறையும் அம்மை குத்தினர். பெரியம்மை ஒழிந்ததென 1980ல் உலகம் அறிவித்தது.

2020ல் பள்ளிவாசல்களை மூடவைத்த கொரோனாவோ உருமாறும் கிருமி. 2021 ஜனவரி 16ல் நம் நாட்டில் தடுப்பூசி தொடங்கிற்று; அவ்வாண்டு நவம்பரில் ஒமைக்ரான் தோன்றியது; 2022 ஜனவரி 10 முதல் முன்னெச்சரிக்கைத் தவணை வந்தது. 2023 மே 5ல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை விலக்கியது, கிருமி விலகவில்லை.

கொள்ளைநோய் பரவிய ஷாமுக்குள் நுழையாது உமர் (ரலி) அவர்கள் திரும்பியதும் முன்னெச்சரிக்கையே. ஆகவே புதிய உருமாற்றம் குறித்துப் பீதியும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். காய்ச்சலுற்றோர் வீட்டிலேயே தொழுது, முதல் ஸஃப்பின் முதியோரைக் காப்போம். முதியோரும் நாள்பட்ட நோயாளிகளும் தவணை பற்றி மருத்துவரிடம் கேட்டறிவோமாக!