வன்வட்டின் பாகப்பிரிவினை

பாகப்பிரிவினை என்பது நம்மவர்க்குப் புதிய சொல்லன்று. வயலைப் பிரித்திருக்கிறோம், வளவைப் பிரித்திருக்கிறோம், ஒரே கிணற்றில் முறைவைத்து நீர் இறைத்திருக்கிறோம். ஆயினும் திருகோணமலையில் ஓர் இளைஞர் தம் கணினியில் முதன்முறையாக லினக்ஸை நிறுவ முற்பட்டு, வன்வட்டை எப்படிப் பிரிப்பது என்று திரை கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் தயங்கி நிற்கிறார். அத்தயக்கம் அறியாமையன்று. முழு வட்டையும் அழித்து நிறுவுக என்னும் வாசகத்தின்மேல் விரல் தவறினால் பல்லாண்டுச் சேகரம் கைவிட்டுப் போகும் என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருக்கிறார்.

பிரிவினை இன்னதென விளங்கிக்கொள்ள நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் தம் கடற்படைக்கெனக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்ப்போம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்து அழிந்தது. இன்று கணக்கில் உள்ளவை 99. 1987இன் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இவை கூட்டு முயற்சிக்குரியன என எழுதப்பட்டன. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குக் குத்தகையாயின. 2022 சனவரியில் மீண்டும் ஏடு திருத்தப்பட்டது: 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்துக்கு, எஞ்சிய 61 இருவரும் சேர்ந்த கம்பெனிக்கு. இத்தனைக்கும் ஒரு தாங்கியேனும் இடம்பெயரவில்லை. மாறியது ஏடு மட்டுமே. அவ்வேடுகளில் துறைமுகத்தைச் சூழ வாழும் மீனவர் கையொப்பமிட ஓரிடம் இருந்ததில்லை என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்கிறோம்.

வன்வட்டிலும் நிகழ்வது இதுவே. பிரித்தவுடன் உள்ளே மதில் எழுவதில்லை. இங்கு தொடங்கி இத்தனை கூறுகள் வரை இன்னாருக்கு என்று ஒரு சிறு அட்டவணை எழுதப்படுகிறது, அவ்வளவே. 1983இல் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வட்டுடன் எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டபோது வந்த முறை இது. வட்டின் முதற்கூறு 512 பைட். அதில் அட்டவணைக்குக் கிடைத்தது 64 பைட். பாகம் ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கே பாகங்கள். பல இயக்குதளங்கள் ஒரே வட்டில் கூடிவாழலாம் என்பதே ஏற்பாட்டின் நோக்கம். நடைமுறை வேறாயிற்று. கடைக்கு வந்த கணினிகளிற் பெரும்பாலானவற்றில் முழுவட்டும் மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் முறைமைக்கே எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தது. விண்டோஸை மீள நிறுவினால் அது வட்டின் முகப்பிலிருந்த தொடக்க நிரலைத் தன்னுடையதாக மாற்றி எழுதிக்கொண்டது. பக்கத்துப் பாகத்தில் லினக்ஸ் குடியிருக்கிறதா என்று வினவவில்லை. லினக்ஸ் அழியவில்லை, வாசல்தான் அடைபட்டது. அடுத்த வீட்டுக்காரனின் படலையைத் தன் வேலியால் மறைத்தவனை நாம் எல்லோரும் அறிவோம்.

லினக்ஸின் பிறப்பிலேயே ஒரு பாகத்தின் அழிவு கலந்திருக்கிறது. 1991இல் எல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்னும் கற்பித்தல் முறைமையைத் தம் கணினியில் ஒரு பாகத்தில் வைத்திருந்தார். பல்கலைக்கழகக் கணினியைத் தொலைபேசிவழி அழைக்க முயன்றவர், மோடத்துக்கு அனுப்பவேண்டிய கட்டளைகளைத் தவறுதலாக வன்வட்டுக்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பாகம் சிதைந்தது. அதை மீள நிறுவுவதா, தாம் எழுதிவந்த முறைமையையே முழுமையாக்குவதா என்ற நிலையில் அவர் பின்னதைத் தேர்ந்தார்.

யுனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸில், விண்டோஸிற்போல் சி, டி என்ற தனித்தனித் தீவுகள் இல்லை. வேர் ஒன்று, அதிலிருந்து கிளைக்கும் மரம் ஒன்று. ஒவ்வொரு பாகமும் அம்மரத்தின் ஒரு கிளையிற் பொருத்தப்படுகிறது. கொட்டியாரக்குடாவும் உட்துறைமுகமும் தத்தம் பெயரோடு ஒரே கடலிற் சேர்ந்திருப்பதுபோல. புதியவர்க்கு மூன்று பாகங்கள் போதுமானவை: முறைமைக்கு ஒன்று, நினைவகம் நிரம்பும்போது உதவும் இடமாற்றுப் பாகம் ஒன்று, சொந்தக் கோப்புகளுக்கான ஹோம் ஒன்று. ஹோம் தனித்திருந்தால், முறைமையைத் துடைத்து மீள நிறுவினாலும் அதனை அழிக்காமல் விட்டுவிடலாம். புதிய கணினிகளில் தொடக்கத்துக்கென ஒரு சிறு பாகம் முன்னரே இருக்கும், அதில் கைவைத்தலாகாது.

அட்டவணை அழிந்தால் என்ன நேரும்? போரிலும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையிலும் காணி உறுதிகளை இழந்தோர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. நிலம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. தன்னுடையது என்று காட்டத்தான் தாளில்லை. (அந்தப் பேரழிவின்போது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய சஹானா மென்பொருளும் கட்டற்றதாகவே வெளியிடப்பட்டது.) வட்டிலும் அட்டவணை போனாலும் தரவுகள் அங்கேயே கிடக்கும், புதிதாக எதையும் எழுதாதிருந்தால் டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகள் பழைய எல்லைகளைத் தேடிப்பிடித்துத் தருவதுண்டு. பதற்றத்தில் மீள நிறுவுகிறவரே உண்மையில் இழக்கிறார். பிற்காலத்தில் வந்த ஜி.பி.டி. அட்டவணை வழக்கமாக 128 பாகங்களுக்கு இடமளிக்கிறது. பழைய முறையின் 2 டெராபைட் வரம்பைக் கடக்கிறது. தன் பிரதியொன்றை வட்டின் இறுதியிலும் வைத்திருக்கிறது. உறுதியின் பிரதியை வேறு பெட்டகத்தில் வைக்கும் வழக்கத்தைப் பொறியியலாளர் காலந்தாழ்த்தியே கற்றனர்.

எஃப்டிஸ்க் என்னும் பழைய கருவியிடம் ஒரு நற்பண்பு உண்டு. எத்தனை மாற்றம் செய்தாலும், எழுது என்ற கட்டளையை இறுதியில் நாம் இடும்வரை வட்டில் எதுவும் மாறாது. வெளியேறிவிட்டால் எல்லாம் முன்போலவே இருக்கும். ஆகவே பயில விரும்புவோர் அச்சமின்றித் திறந்து பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளலாகாது. படங்களை டி என்ற பாகத்தில் வைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஒரே தோணியில் ஏற்றிய இரு மூட்டைகள் அவை; வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். பிரிக்கத் தொடங்குமுன் கோப்புகளை வேறொரு வட்டிற் பிரதியெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தபின்னரே நிறுவலைத் தொடங்கவேண்டும்.