ஒற்றைப் பாதையும் கணினியும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையை எட்டியது. அங்கிருந்து பதுளை அதிக தூரமன்று. ஆயினும் அந்தச் சிறு தூரத்தைக் கடக்க முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இலேதான் பதுளைக்கு வண்டி வந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரை நிலையத்தின் அடியாகவே சுரங்கத்தினூடே பாதை சுற்றிச் செல்லும் விந்தையும் அக்காலத்து வேலைகளே. ஊவாத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் இப்பாதை வழியாக இறங்கின. தோட்டத்து மக்களின் அரிசி மூடைகள் ஏறின.

பாதையோ ஒன்றுதான். மேலேறும் வண்டிக்கும் கீழிறங்கும் வண்டிக்கும் ஒரே தண்டவாளம். வளைவும் சுரங்கமும் மலிந்த இடத்தில், எதிரே வருவதைக் கண்டபின் நிறுத்துவது நடவாத காரியம். எனவே அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் பிணைக்கப்பட்ட இரு கருவிகள் வைக்கப்பட்டன. ஒரு நிலைய அதிபர் கேட்க, மறு நிலைய அதிபர் இசைந்தால் மட்டுமே கருவியிலிருந்து ஓர் உலோக வில்லை வெளிவரும். அது வெளியிலுள்ளவரை இரு கருவிகளும் மற்றொரு வில்லையைத் தரமாட்டா. வளையத்தோடு கூடிய பையில் அவ்வில்லையைப் பெற்ற சாரதிக்கே அந்தத் துண்டுப் பாதை சொந்தம்.

இம்முறையை அமைத்தவர் எட்வர்ட் டையர் என்னும் ஆங்கிலேயர். 1874இல் இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு அருகே இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். கையொப்பமிடாத தந்தியொன்று அனுப்பப்பட்டதே காரணம். அதன்பின், 1878இல், டையர் தம் கருவிக்கு உரிமம் பெற்றார்.

இதே இக்கட்டு 1960களின் தொடக்கத்தில் கணினியினுள்ளும் தோன்றியது. ஒரே இயந்திரத்தில் பல நிரல்கள் ஒருங்கே ஓடத் தொடங்கிய காலம் அது. ஒரு தோட்டத்தின் கொழுந்துக் கணக்கை எண்ணிப் பார்த்தால் விளங்கும். ஒரு பெண்ணின் பெயரில் ஏட்டிலே 10 கிலோ இருக்கிறது. இரு கணக்கப்பிள்ளைமார் ஒரே நொடியில் அந்தப் பத்தைப் படிக்கின்றனர். ஒருவர் 4 கூட்டி 14 என்று எழுதுகிறார். மற்றவர் 6 கூட்டி 16 என்று அதன்மேல் எழுதுகிறார். வரவேண்டியது 20. நான்கு கிலோக் கொழுந்தும் அதற்குரிய கூலியும் போயின. கணக்கப்பிள்ளைமார் இருவரும் நேர்மையானவர்களே.

நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதற்கு வழி கண்டார். நினைவகத்தில் ஓர் எண்ணை நிறுத்தி, அதனிடம் அனுமதி பெற்ற நிரல் மட்டும் உட்புகவும், வெளியேறும்போது அனுமதியைத் திருப்பிக் கொடுக்கவும் விதித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் புகையிரதக் கைகாட்டியின் பெயரே: செமஃபோர். ஒன்றையொன்று எதிர்பார்த்து இரு நிரல்களும் அசையாது நின்றுவிடும் ஆபத்தையும் அவர் ஆராய்ந்தார். ஒதுங்க இடமின்றி எதிரெதிரே நின்றுவிட்ட வண்டிகளை அறிந்தவர்களுக்கு அது புதிதன்று.

கணினிகளைக் கம்பியாலும் வானலையாலும் இணைத்தவர்கள் ஒருபடி துணிந்தனர். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் அமைத்த அலோகா வலையில் எவரும் எப்போதும் செய்தி அனுப்பலாம். இரண்டு மோதினால் இரண்டும் சிதையும். சிறிது பொறுத்து மீண்டும் அனுப்பவேண்டியதுதான். இதனைப் பின்பற்றி 1973இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் முறையை வகுத்தார். 1985இல் ஐ.பி.எம். நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டோக்கன் ரிங் முறையோ எல்ல நிலையத்தாருக்கு நன்கு விளங்கக்கூடியது: டோக்கன் ஒன்று வலையைச் சுற்றிவரும், அது கைக்கு வந்த கணினியே பேசலாம். ஒழுங்கில் அது சிறந்தது. எனினும் மலிவான ஈதர்நெட்டே வென்றது. சிதைந்த செய்தியை மறுபடி அனுப்பலாமன்றோ! பாலத்தின்மேல் வரும் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

டையரின் கருவியும் மனிதர் கைப்பட்டே இயங்கியது. 1921 ஜனவரியில், வேல்ஸ் நாட்டின் ஏபர்மியூல் நிலையத்தில் வந்து நின்ற வண்டியின் சாரதியிடம், அவர் சற்றுமுன் கொடுத்த வில்லையே தவறுதலாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வண்டி புறப்பட்டது, எதிரே வந்த விரைவு வண்டியுடன் மோதியது, 17 பேர் இறந்தனர். எந்தப் பாதைக்குரியது என்பது வில்லையிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. கொடுத்தவரும் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை.