உள்ளிருந்து வரும் வசை: பால்புதுமையினரும் உளவளத்துணையும்

கலியாணவீடுகளில் ஒருவருடைய நடையையோ பேச்சையோ பார்த்து மற்றவர்கள் பகிடி பண்ணியபோது நாங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். எங்களை யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகச் சற்று உரக்கவே சிரித்தோம். காலப்போக்கில் அதே வசையை எங்களுக்கு நாங்களே சொல்லத் தொடங்கினோம். இதைத்தான் அகவயப்பட்ட ஒடுக்குமுறை என்கிறார்கள்.

இது எப்படித் தெரியும்?

"அம்மாவும் அப்பாவும் போரில் எல்லாம் இழந்து வந்தவர்கள், அவர்களுக்கு நான் இன்னொரு துயரமா?" என்ற குற்றவுணர்வு எங்களில் பலருக்குப் பழக்கமானது. வெளிப்படையாக வாழும் பால்புதுமையினரைக் கண்டால் விலகி நடப்பது, நித்திரையின்மை, குடி, வேலையில் அளவுமீறி மூழ்குவது ஆகியவையும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

நோய் எது?

தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990இலும் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கின. பழிப்பும் மறைத்து வாழும் பயமும் தரும் அழுத்தமே உளநலத்தைக் கெடுக்கிறது என்பதை ஆய்வாளர் இலான் மெயர் 2003இல் 'சிறுபான்மை அழுத்தம்' என்று விளக்கினார். "இது எங்கள் பண்பாடு அல்ல" என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: இலங்கையில் இதைக் குற்றமாக்கிய 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை ஆங்கிலேயர் கொண்டுவந்தது.

தமிழிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்புப் பெண்கள் இருவரின் வழக்கில் தீர்ப்பளிக்குமுன், தன் புரிதலைத் திருத்திக்கொள்ளத் தாமே ஓர் உளவியலாளரிடம் சென்றார். நீதிபதியே போகலாம் என்றால் நாங்கள் போவதில் என்ன வெட்கம்?

கனடாவில் உதவி பெற

குடும்ப வைத்தியரிடம் தொடங்கலாம். அவர் பெற்றோருக்கும் வைத்தியராக இருந்தாலும், உங்கள் அனுமதியின்றி அவர்களிடம் சொல்லக் கூடாது. உயிராபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றை முதலிலேயே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருப்பாரோ என்று பயந்தால், வேறு நகரத்தவரைத் தொலைபேசியில் கேட்கலாம்.

ஒன்ராறியோவில் மனநல மருத்துவரின் செலவை மாகாணக் காப்புறுதி ஏற்கும். தனியார் உளவியலாளருக்குப் பொதுவாக நாங்களே செலுத்த வேண்டும், வேலையிடத்துக் காப்புறுதியில் ஒரு பகுதி கிடைக்கலாம். முதற் சந்திப்பில், "பால்புதுமையினருடன் வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

"மாற்றிவிடலாம்" என்று சொல்பவரிடமிருந்து விலகுங்கள். ஒருவரை மாற்று சிகிச்சைக்கு உட்படுத்துவது 2022 ஜனவரி 7 முதல் கனடாவில் குற்றம்.

உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 9-8-8 என்ற இலக்கத்தை இரவோ பகலோ அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உண்டு.

உதவி கேட்பதற்கு முதலில் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்றில்லை. சொல்வதும் சொல்லாததும் எங்கள் உரிமை. பல வருடம் கேட்டுப் பழகிய வசை ஒரே நாளில் அடங்காது. ஆனால் அது எங்கள் குரல் அல்ல என்று தெரிந்த நாளிலிருந்து அதன் பலம் குறையத் தொடங்கும்.