படிக அலையியற்றியும் பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகமும்

படிக அலையியற்றி என்பது குவார்ட்ஸ் படிகத்தின் சீரான அதிர்வைக் கொண்டு மின்சுற்றுகளுக்கு நேரத்துடிப்பு வழங்கும் கருவி. இத்துடிப்புகளை எண்ணி நேரத்தை அளக்கலாம். வேகம் காண, கடந்த தொலைவோடு எடுத்துக்கொண்ட நேரமும் தெரிய வேண்டும். அந்த நேரத்தை எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டியிருக்கும் என்பதற்குத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகம் சிறந்த எடுத்துக்காட்டு.

துல்லியம்

கைக்கடிகாரப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. வெப்பநிலையாலும் நாள்பட்ட பயன்பாட்டாலும் அந்த எண்ணிக்கை சற்றே மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 நொடி விலகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியை அளக்கையில் இதே பிழை மணிக்கு 0.002 கி.மீ. மட்டுமே, அது பொருட்டல்ல. தொலைவிலுள்ள இரு கடிகாரங்களை ஒப்பிடும்போதுதான் சிறு விலகலும் நொடிக்கு நொடி சேர்ந்து பெரிதாகிறது.

பொட்டிபுரம் வடிவமைப்பு

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே, போடி மேற்கு மலையைக் குடைந்து, ஏறத்தாழ 2 கி.மீ. சுரங்கப்பாதையின் முடிவில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு உணர்கருவியை நிறுவுவது திட்டம். நியூட்ரினோ என்னும் நுண்துகள் இரும்பில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள் மேலிருந்து கீழே செல்கிறதா, பூமியைத் துளைத்து வந்த நியூட்ரினோவால் பிறந்து கீழிருந்து மேலே செல்கிறதா என்பதைக் கடிகாரமே சொல்லும். இரும்புத் தகடுகளுக்கு நடுவே உள்ள உணர்கலன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று 9.6 செ.மீ. தொலைவில் அமையும்; ஒளிவேகத்தில் பத்து அடுக்குகளைக் கடக்க 3.2 நானோநொடி போதும். ஆகவே உணர்கலன்கள் ஏறத்தாழ 1 நானோநொடி நுட்பத்தில் நேரத்தைப் பதிய வேண்டும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் படிகத்தின் மெல்லிய விலகல் தலைகாட்டாது. கிட்டத்தட்ட 29,000 உணர்கலன்களும் ஒரே துடிப்பில் இயங்குவதும், ஒவ்வொரு கம்பியிலும் ஏற்படும் தாமதத்தைக் கணக்கில் கொள்வதுமே முக்கியம்.

ஓபரா சோதனை

இதற்கு மாறாக, ஐரோப்பிய ஆய்வு மையமான செர்னிலிருந்து அனுப்பப்பட்ட நியூட்ரினோவை 730 கி.மீ. தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோவில் பதிவு செய்த ஓபரா குழுவுக்கு இரு இடக் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டியிருந்தது. நியூட்ரினோ ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்ததாக 2011 செப்டம்பரில் அக்குழு அறிவித்தது. 2012 பிப்ரவரியில் இரு கோளாறுகள் தெரியவந்தன. சரியாகப் பொருந்தாத ஒளியிழை இணைப்பு பயண நேரத்தைக் குறைத்துக் காட்டியது. நொடிக்கு 124 நானோநொடி விலகிய அலையியற்றி அதைக் கூட்டிக் காட்டியது. இரண்டையும் திருத்தியதும் நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்பது உறுதியானது. தம் கருவிகளையே ஐயுற்றுத் தேடிய அறிவியலாளர்களின் நேர்மைக்கு இது சான்று.

திட்டத்தின் நிலை

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலைக்காடு, நீராதாரம், வேளாண்மை ஆகியவை பாதிக்கப்படும் என்று வட்டார மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தனர். தமிழ்நாடு அரசும் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. சுரங்கப்பணி தொடங்கவில்லை. இதே வடிவமைப்பில் அமைந்த 85 டன் சிறு உணர்கருவி மதுரையில் நிறுவப்பட்டு, காஸ்மிக் கதிர் மியூவான்களைப் பதிவு செய்துள்ளது.