பவளப்பாறைகளுக்கும் கொள்ளைநோய் வரும்!

பவளப்பாறை வெறும் கல் அல்ல. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு அது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இவை வளர்கின்றன. 1986-ல் இத்தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கீழக்கரை, ஏர்வாடி மீனவர்களின் வலையில் விழும் மீன்கள் பலவற்றுக்கு இப்பாறைகளே தாய்வீடு.

மனிதர்களைப் போலவே பவளங்களையும் கொள்ளைநோய் தாக்கும். கரும்பட்டை நோயில், கருநிற நுண்ணுயிர்ப் படலம் பவளத்தின் மேல் நகர்ந்துகொண்டே திசுவை அழிக்கும். அது கடந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு மட்டுமே மிஞ்சும்.

வெளிறுதல் வேறு. கடல்நீர் அளவுமீறிச் சூடாகும்போது, தனக்கு உணவளிக்கும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடுகிறது. 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நிகழ்ந்தது. வெளிறிய பவளம் வலுவிழந்து, நோய்க்கு எளிதில் இரையாகிறது.

2014-ல் அமெரிக்காவின் மயாமி அருகே தொடங்கிய திசு இழப்பு நோய், கரீபியன் நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. புளோரிடா கடலில் ஒருவகைப் பவளத்தைத் தாக்கிய வெண்புள்ளி நோய்க்கு, மனிதக் கழிவுநீரிலுள்ள செராட்டியா பாக்டீரியா காரணம் எனக் கண்டறிந்தனர்.

கள்ளக்குறிச்சிக்குக் கடல் தூரம்தான். ஆனால் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியின் நீரும் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. ஆற்றில் விடும் சாக்கடை ஆற்றோடு நின்றுவிடுவதில்லை. கடலைக் காக்கும் வேலை நம் தெருவிலேயே தொடங்குகிறது.