கடல்கோளும் கரைத்தொண்டும்

உயிர்கள் எய்தும் துன்பங்களை ஆத்தியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூவகைப்படுத்துக் கூறுவர் ஆன்றோர். அவை முறையே தன்னால் வருவதும், பிற உயிர்களால் வருவதும், தெய்வத்தான் வருவதுமாம். காற்று, மழை, இடி, கடல்வெள்ளம் என்பவற்றால் நேரும் இடுக்கண் மூன்றாவதன்பாற்படும். தமிழகத்தின் கீழ்கடற்கரையில் வாழ்வார்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் பாகுபாடன்று. ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்தோறும் வாயிலில் வந்து நிற்பதொன்றாம். இத்துன்பத்தைச் சைவப் பெருமக்கள் பண்டு எவ்வாறு நோக்கினர், இன்று எவ்வாறு நோக்குதல் கடன் என்பன ஈண்டு ஆராயப்படும்.

வங்கக்கடலில் எழும் புயல்களுட் பல ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்தே தமிழகக் கரையை நோக்கி வருவன. காவிரி கடலொடு கலக்கும் நாடோ மிகத் தாழ்ந்து பரந்த சமநிலம். அதன் தெற்கே, தமிழகத்திற்கும் ஈழத்திற்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது. ஆழமில்லாக் கடலைப் பெருங்காற்று உந்துங்கால் நீர் கீழே செல்ல வழியின்றிக் குவிந்தெழுந்து கரைமேற் பாயும். மேலே மழை, மேற்கே ஆற்றுவெள்ளம், கிழக்கே கடல்வெள்ளம் என மூன்றும் ஒருங்கு வந்து நெருக்குதல் இந்நாட்டின் இயற்கை. இவ்வியற்கையினூடேதான் பாடல்பெற்ற தலங்கள் பல எழுந்தன என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

அத்தலங்களின் புராணங்களை நோக்குக. ஊழிவெள்ளம் உலகை மூடியபோது இறைவன் உமையம்மையாரோடு பிரணவத்தைத் தோணியாகக் கொண்டு எழுந்தருளி வந்து தங்கிய இடம் சீகாழி என்பர். ஆதலின் அதற்குத் தோணிபுரம் என்பதும் ஒரு பெயராயிற்று. வெள்ளத்தில் மிதந்து வந்த அமுதகுடம் தங்கிய இடம் கும்பகோணம் என்பர். இவை சிருட்டி, சங்காரங்களின் உண்மையை உணர்த்த எழுந்தவை. ஆண்டும் திங்களும் குறித்த வரலாறுகள் அல்ல. எனினும், வெள்ளத்தை அறியாத நாட்டில் தோணிமேல் வரும் கடவுள் வழிபடப்பெறுதல் அரிது. 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சீகாழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்து, ஊரும் வயலும் நீருள் நின்றன. தோணிபுரம் என்னும் பெயரின் பொருத்தம் அன்று கண்கூடாயிற்று.

இனிப் புராணத்தை விடுத்துக் கல்லும் மண்ணும் கூறும் சான்றுகளைக் காண்போர்க்கு மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பம் சிறந்த சான்றாகும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை ஆங்கு மணலை அரித்துச் சென்றபின், பாறையொன்றில் முன் அறியப்படாத கல்வெட்டு வெளிப்பட்டது. அது சுட்டிய வழியே தொல்லியல் துறையினர் 2005-ஆம் ஆண்டு அகழ்ந்தபோது முருகப்பெருமான் திருக்கோயிலொன்றின் அடித்தளம் காணப்பட்டது. கீழே மிகப் பழைய செங்கற் கட்டடம். அதன்மேல் பல்லவர் காலத்துக் கருங்கற் பணி. வாயிலில் கல்லாலாகிய வேல். அக்கோயில் கடல்வெள்ளத்தாற் சிதைந்தது என்பது அகழ்ந்தவர் கருத்து. ஒருகாலத்துக் கடல்கோள் மறைத்த கோயிலைப் பிறிதொரு காலத்துக் கடல்கோள் காட்டிக் கொடுத்தது வியப்பே. ஆயினும் அதனினும் சிறந்த உண்மையொன்று அவ்விடத்தே உளது. செங்கற்கோயில் அழிந்த பின்னும் அவ்வூரார் அவ்விடத்தைக் கைவிட்டிலர். அதன்மேலேயே கல்லால் மீண்டும் எடுத்தனர்.

தரங்கம்பாடியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டளவில் எழுந்த மாசிலாமணிநாதர் திருக்கோயிலையும் கடல் சிறிது சிறிதாக அரித்து, அதன் முற்பகுதியைக் கவர்ந்துகொண்டது. எஞ்சிய பகுதியில் வழிபாடு நின்றிலது. இவற்றாற் பெறப்படுவது யாதெனின், கடலோரத்துச் சைவர் கடலின் இயல்பை அறியாது வாழ்ந்தவர் அல்லர். அறிந்தும் இறைவனைப் பிரியாது வாழ்ந்தவர் என்பதாம்.

அண்மைக் காலத்து நிகழ்ந்தனவும் பல. 1952-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் நாகப்பட்டினத்தருகே ஒரு புயல் கரைகடந்து பெருங்கேடு விளைத்தது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயலும் கடல்வெள்ளமும், சேதுநீராடுவார் சென்று சேரும் தனுக்கோடியை அழித்தன; புகைவண்டியொன்று பயணிகளோடு நீருள் மூழ்கிற்று. அன்று இராமேச்சரத்தில் மக்கள் பலர் இராமநாதப் பெருமான் திருக்கோயிலினுட் புகுந்து உயிர் பிழைத்தனர். 1977-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் நாகப்பட்டினத்தை அடுத்துக் கரைகடந்த புயலில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருட் குழவிகளும் சிறுவரும் மிகப் பலர்.

இத்தகைய காலங்களில் ஒருசாரார், "அவரவர் செய்த பாவம், அவ்வூரார் தெய்வக் குற்றம் செய்தனர்" என எளிதிற் கூறி அமைவதுண்டு. இந்நோக்குப் புதியதன்று. மன்னன் இந்திரவிழாவை மறந்தமையால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறும். ஆயின் சைவசித்தாந்தம் வினைக்கொள்கையை உடன்பட்டதொன்றன்றோ, அங்ஙனமாயின் மேற்கூறியார் கூற்றிற் பிழை யாது எனின், கூறுதும்.

வினைப்பயனை உயிர்க்கு ஊட்டுவான் இறைவன் என்பது சித்தாந்தத் துணிபு. இன்ன துன்பம் இன்ன வினையின் பயன் என அளந்தறிதல் முற்றுணர்வுடைய அம்முதல்வனுக்கே இயல்வது. சிற்றறிவுடைய உயிர்க்கு இயல்வதன்று. ஆதலின் வினைக்கொள்கை, தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தற்குத் துணையாக அருளப்பட்டதே அன்றி, பிறர்க்கு வந்த துன்பத்திற்குத் தீர்ப்புரைத்தற்கு அருளப்பட்டதன்று. கடல் கொண்ட மகவைத் தேடி அழும் தாயை நோக்கி வினை பேசுவான், இறைவனது தொழிலைத் தான் மேற்கொண்டவனாவான். ஈசனிடத்து அன்பும், அடியாரிடத்து அன்பும், எல்லா உயிரிடத்து அன்பும் ஒன்றையொன்று பிரியாதவை என்பது சிவஞான சித்தியாரின் கருத்து. உயிரிரக்கம் இல்லாதவழிச் சிவபத்தியும் இல்லையென்பது அதனாற் போதரும்.

இதனை ஐயமற விளக்குவது மண்சுமந்த திருவிளையாடல். மணிவாசகப் பெருமான் பொருட்டு வையையிற் பெருவெள்ளத்தை வரச்செய்தவன் சொக்கநாதப் பெருமானே. மதுரை அழியாவண்ணம் கரையை அடைக்குமாறு பாண்டியன் மனைதோறும் ஒரு பங்கு அளந்துவிட்டான். ஆளில்லாத முதியவளாகிய வந்தியின் பங்கிற்குக் கூலியாளாய் வந்து, பிட்டை உண்டு, கூடையில் மண்சுமந்தவனும் அப்பெருமானே. வெள்ளத்தை விடுத்தவன் தானே கரையடைக்கவும் வந்தான் என்பதன்கண் உள்ள பொருளை உய்த்துணர்க. வெள்ளம் இறைவன் செயல் என்றவாற்றானே, அதனைத் தடுத்தல் இறைவனுக்கு மாறாகாமை இதனால் நன்கு விளங்கும். கரையடைத்தலும் அவன் திருத்தொண்டே. கரையில் ஒவ்வொரு மனைக்கும் பங்குண்டு. பங்கை நிறைவேற்ற வலியில்லாதார்க்கு இறைவனே துணை. மேலும், பாண்டியன் அவன்மேல் ஓச்சிய பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டது. ஒருவர்க்குற்ற அடி அனைவர்க்கும் உரியதென்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. இதனை ஆவணி மூலத்தன்று மதுரையில் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுவார், விழாவின் பொருளையும் தம் ஊர்க்கரையில் நிறைவேற்றக் கடமைப்பட்டவராவர்.

திருவீழிமிழலையில் வற்கடம் வந்தபோது திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் செய்ததும் இதுவே. பசித்தவர் வினை யாதென அவர்கள் வினவிற்றிலர். இறைவன்பால் நாள்தோறும் படிக்காசு பெற்று, பொருளாக்கி, அமுது படைத்தனர். சம்பந்தர் பெற்ற காசிற்கு வட்டம் நேர்ந்து உணவு காலந்தாழ்த்தபோது, அத்தாழ்வையும் பொறாது இறைவனிடமே முறையிட்டனர். துயர் துடைத்தலில் காலந்தாழ்த்தல் தகாதென்பது அதன் குறிப்பு.

முன்னேற்பாட்டால் உயிர் காக்கப்படும் என்பதற்கு அண்மைச் சான்றும் உளது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் நாகைக்கும் திருமறைக்காட்டிற்கும் இடையே "கசா" என்னும் புயல் கரைகடந்தது. தென்னையும் பிற மரங்களும் அளவிறந்து வீழ்ந்தன. உழவர் பல்லாண்டு உழைப்பு ஓரிரவில் ஒழிந்தது. ஆயினும் முன்னறிவிப்புக் கிடைத்து, 80,000-க்கு மேற்பட்டோர் புயலுக்கு முன்னரே காப்பிடங்களிற் சேர்க்கப்பட்டமையால், உயிரிழப்பு 1977-இல் நேர்ந்ததனினும் மிகக் குறைந்தது.

மரமும் கரையே. தில்லைத் தலமரமாகிய தில்லை, உப்பங்கழிக் கரையில் வளரும் அலையாத்தி இனத்தது. திருக்கோயிலைச் சூழ்ந்திருந்த தில்லைவனம் இன்று ஆங்கில்லை. அம்மரத்தைக் காணவேண்டுவார் பிச்சாவரத்துக் கழிகளுக்குச் செல்லல் வேண்டும். 2004-இல் அவ்வலையாத்திக் காட்டின் பின்னிருந்த ஊர்கள் குறைந்த கேட்டையே எய்தின என ஆராய்ந்தோர் எழுதினர். கூத்தப்பிரான் உவந்த வனம் கடலலையைத் தாங்கும் வனமும் ஆயிற்று. தலமரத்தைக் கோயிலகத்தே பீடங்கட்டிப் போற்றுவார் கழிக்கரையில் அதனை வெட்டவிடுதல் பொருந்துமோ?

திருக்குளம் தூர்ந்தால் மழைநீர் தெருவில் நிற்கும். வாய்க்கால் அடைபட்டால் ஊர் குளமாகும். ஆகவே திருக்குளத்தைத் தூர்வாருதலும், வரத்துக்கால் வடிகால்களைக் காத்தலும், கழிக்காட்டைப் பேணுதலும், புயல் நாளில் மண்டபங்களை யாவர்க்கும் திறந்து வைத்தலும், மடைப்பள்ளியில் அரிசியும் விறகும் முன்னரே சேர்த்தலும் உழவாரத் தொண்டின் வேறாகா. அறிவிப்பு வந்தவுடன் இடம்பெயர்தல் இறைவன்மேல் நம்பிக்கையின்மை ஆகாது. அவ்வறிவிப்பும் அவன் அருளே எனக் கொள்க.

காற்றையும் கடலையும் ஏவுவான் ஒருவன். அவன் திருமுடியிற் கூடைமண்ணைச் சுமந்த அன்றே கரைத்தொண்டு சிவதொண்டாயிற்று. கார்த்திகை விளக்கேற்றுமுன் ஒவ்வோர் ஊரிலும் சைவ நன்மக்கள் தத்தம் பங்கிற்குரிய கரையைச் சென்று காண்பாராக. அவ்வூரில் வந்தியைப்போல் ஆளின்றி இருப்பார் யாரென வினவி அறிவாராக.

திருச்சிற்றம்பலம்.