நின்ற இடத்தில் நடப்பது

டிரெட்மில்லை ஓர் இயந்திரமாகத்தான் நான் பார்த்திருந்தேன். அப்பா அதைக் கன்வேயராகப் பார்த்தார். அவர் எண்ணூர் அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நிலக்கரி கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தவர். ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். காத்திவாக்கத்தில் எங்கே நடப்பது? எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அவை நகரும்போது எழும் தூசியைவிட நிற்கும்போது கக்கும் புகை மோசம். கடற்கரைப் பக்கம் போனால் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் இருக்கின்றன, மணல் கொஞ்சம்தான். அதனால் பழைய டிரெட்மில் ஒன்றை வாங்கினேன். அதைப் பிரித்து உள்ளே கொண்டுவந்து நிறுத்தியதும் அப்பா குனிந்து பின்பக்க ரோலரைப் பார்த்தார். “டெயில் புல்லி. ரெண்டு போல்ட்டு. ஏன்டா, இதுக்காடா இவ்ளோ காசு?”

அன்றிலிருந்து இந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். ஆங்கிலப் பெயரைப் பிரித்தால் ‘மிதி ஆலை’ என்று வரும். மிதித்து அரைப்பது. அது தண்டனைக்காகச் செய்யப்பட்ட கருவி.

வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1818 வாக்கில் சிறைக்கைதிகளுக்காக ஒரு பெரிய சக்கரத்தை வடிவமைத்தார். அகலமான மர உருளை, அதன் மேல் சுற்றிவரப் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு, படியேறிக்கொண்டே இருப்பார்கள். ஏறிய படி கீழே இறங்கிவிடும், அடுத்த படி வரும். ஆள் மட்டும் நின்ற இடத்திலேயே இருப்பான். 1821இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் நிறுவியபோது அது தானியம் அரைத்தது. வேறு பல சிறைகளில் அரைக்க எதுவுமே இல்லை, சக்கரம் வெறும் காற்றைத்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் கைதிகள் ஏறினார்கள். வேலைக்குப் பயன் இருக்கக்கூடாது என்பதையே சில அதிகாரிகள் அதன் சிறப்பாகச் சொன்னார்கள். அடுத்த வருஷமே நியூயார்க்கிலும் ஒன்று வந்தது. அதைப் பற்றி எழுதியவர், பயமுறுத்துவது உழைப்பின் கடுமையல்ல, அதன் மாறாத ஒரே சீரான தன்மைதான் என்ற கருத்தைப் பதிவு செய்தார். ஜமைக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததும் 1834 முதல் 1838 வரை ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் பழைய அடிமைகளையே கட்டாய வேலையில் வைத்திருந்தபோது, அங்கேயும் மிதிசக்கரம் போனது. ஆஸ்கர் வைல்டு 1895இல் சிறை சென்றபோது அதில் ஏறியவர். பிரிட்டனில் 1898 சிறைச் சட்டத்தோடு இது ஓய்ந்தது.

நம் பக்கத்திலும் காலனி அரசு இதே கேள்வியை யோசித்தது. கைதிகளைச் சாலை போடும் வேலைக்கு வெளியே அனுப்புவதா, உள்ளே அடைத்து அலுப்பான வேலையைக் கொடுப்பதா? 1838இல் அறிக்கை தந்த சிறை ஒழுங்குக் குழு, சுவர்களுக்குள் சலிப்பூட்டும் உழைப்பின் பக்கம் நின்றது. ஆனால் நம்மிடம் ஏற்கெனவே ஒரு மிதி ஆலை இருந்தது. செக்கு. வ.உ.சி.க்கு அது கோயம்புத்தூர் சிறையில் தரப்பட்டது. 1908இல் தண்டனை பெற்ற அவரை முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றவைத்தார்கள். கைத்தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதன் பிறகு செக்கு. செய்யுளில் எழுதிய சுயசரிதையில் இதை அவரே சொல்கிறார். பின்னர் அங்கிருந்து கண்ணனூர் சிறை, 1912 டிசம்பரில் விடுதலை. வெளியே வந்து சென்னையில் இருந்த வருஷங்களில் பெரம்பூரிலும் வசித்தார், நம் வடசென்னை. அந்தச் செக்கு இப்போது கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதைத் தொட்டுப் பார்த்தேன். அப்போது அது எனக்கு வெறும் கல். இப்போது யோசித்தால், இன்றைய டிரெட்மில்லுக்கு லண்டன் சக்கரத்தைவிட இதுதான் நெருக்கம் என்று தோன்றுகிறது. ஏறுவதில்லை, நடப்பதுதான். எங்கேயும் போய்ச்சேராத நடை.

இரண்டுக்கும் நடுவில் தண்டனையல்லாத ஒரு மிதியும் உண்டு: ஏற்றம். கிணற்று மேட்டில் ஒரு தூண், அதன் மேல் ஊஞ்சல்போல ஆடும் நீளமான துலா. ஆள் அதன் மேல் முன்னும் பின்னும் நடப்பான். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் கீழே இறங்கும், திரும்பி வந்தால் மேலே ஏறும். பிடிக்க ஓரத்தில் ஒரு மூங்கில், பாதத்துக்கு மரத்தில் செதுக்கிய படி. ஆங்கில ஆவணங்கள் ‘பிகோட்டா’ என்று குறிப்பது இதையேதான். வயலுக்கு நீர் இறைத்ததோடு, சென்னை மாகாண உப்பளங்களில் உப்புநீரைப் பாத்திகளுக்கு ஏற்றியதும் இதுதான். எண்ணூர்ப் பக்கத்தில் வல்லூர், அத்திப்பட்டு உப்பளங்கள் இருந்த இடத்தில் இன்று துறைமுகமும் மின்நிலையங்களும் நிற்கின்றன. கால் தவறினால் கிணறு. அதனால் ஏற்றம் மிதிப்பவனுக்கு எண்ணிக்கையும் பாட்டும் அவசியம். கண் கால் மேல், கை மூங்கில் மேல். இதைவிடச் சுருக்கமான பாதுகாப்புக் கையேடு எனக்குத் தெரியவில்லை.

மிதிபெல்ட் மருத்துவமனைக்கு வந்தது 1950களில். சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர், வெய்ன் குவின்டன் என்ற கருவி வல்லுநரோடு சேர்ந்து அதைக் கொண்டுவந்தார். ஓய்வில் இருக்கும்போது எடுக்கும் இசிஜி, உழைப்பில் திணறும் இதயத்தைக் காட்டாது. உழைக்க வைத்துத்தான் பார்க்கவேண்டும். புரூஸ் வகுத்த முறையில் 3 நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதலில் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீதச் சாய்வு. அடுத்து 4 கி.மீ., 12 சதவீதம். பிறகு 5.5 கி.மீ., 14 சதவீதம். நம்மூரில் டிஎம்டி என்று சொல்லும் சோதனை இதுதான். அப்பா மூன்றாவது கட்டத்தில் பாதி வரை போனார். “மேட்டுல ஏறுற மாதிரி இருந்துச்சு, ஆனா மேடு வரலை” என்றார். கியூபிட்டின் கைதி இதையே சொல்லியிருப்பான்.

வீட்டுக்கு வந்த கதை 1968இல் கென்னத் கூப்பர் எழுதிய ‘ஏரோபிக்ஸ்’ புத்தகத்திலிருந்து தொடங்குகிறது. அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர், மழையிலும் குளிரிலும் நடக்க முடியாதவர்களுக்காக மலிவான ஒரு டிரெட்மில்லைச் செய்தார். அதற்கு பேஸ்மாஸ்டர் என்று பெயர். அமெரிக்காவில் அவர்களுக்குக் குளிர் தடை. எங்களுக்கு லாரி.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பொருத்திய முதல் நாளே இரண்டு தப்பு செய்தேன். இடம் போதாமல், பின்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினேன். அப்பா தலையை ஆட்டினார். ஓடும் பெல்ட்டில் கால் தவறினால் ஆள் பின்னால்தான் போவான். பின்னால் சுவர் இருந்தால் அங்கே சிக்கிக்கொள்வான், பெல்ட் தேய்த்துக்கொண்டே இருக்கும். பின்பக்கம் 2 மீட்டர், பக்கவாட்டில் அரை மீட்டராவது காலி இடம் வேண்டும். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். இரண்டாவது தப்பு, டிவிக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ப்ளக்கைச் சொருகியது. 2 ஹெச்பி மோட்டார் என்றால் கணக்குப்படி சுமார் 1,500 வாட், அதாவது 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர். கிளம்பும்போது இன்னும் கூடுதலாக இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது. எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகப் போடவேண்டும். இந்தக் கணக்கு நான் பரீட்சையில் எழுதியது. வீட்டில் போடும்போது மறந்துபோனது.

தரையும் மட்டமாக இருக்கவேண்டும். அடியில் நான்கு கால்கள் திருகும்படி இருக்கும், ஒரு கால் ஆடினாலும் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கும். இங்கேதான் அப்பாவின் முப்பது வருஷம் பேசியது. பெல்ட் வலது பக்கம் நகர்ந்தால் வலது போல்ட்டைக் கடிகார முள் சுற்றும் திசையில் கால் திருப்பு. அவ்வளவுதான். ஒரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டுப் பார். சரியாகவில்லை என்றால் இன்னொரு கால் திருப்பு. பெல்ட் எப்போதும் தளர்ந்த பக்கம் போகும், இறுக்கினால் எதிர்ப்பக்கம் திரும்பும். நான் அரைச் சுற்றுக் கொடுத்தேன், அது இடது ஓரத்தில் போய் உரசிச் சீறியது. “கரி பெல்ட்டுல இப்படிப் பண்ணா ஒரு ஷிஃப்ட் போயிருக்கும்” என்றார். அவர் சொன்னது மிகையல்ல. 1970இல் மின் உற்பத்தி தொடங்கி 2017 மார்ச் 31இல் மூடிய அந்த 450 மெகாவாட் நிலையத்தில், பெல்ட் நின்றால் பாய்லருக்குக் கரி போகாது.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவர் தோற்றார். பெல்ட்டுக்கும் அடியில் உள்ள பலகைக்கும் இடையே சிலிக்கான் எண்ணெய்தான் விடவேண்டும், அதுவும் கையேடு சொல்லும் அளவு, சொல்லும் இடைவெளியில். வீட்டில் இருந்த இன்ஜின் ஆயிலை எடுத்துக்கொண்டு வந்தவரைத் தடுத்தேன். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் கூடாது, அது பெல்ட்டைக் கெடுக்கும். நடுவில் கையை விட்டுப் பார்த்தால் பெல்ட்டின் அடிப்பக்கம் காய்ந்திருக்கிறதா என்று தெரியும். காய்ந்திருந்தால் மோட்டார் அதிகம் இழுக்கும், சூடாகும், கடைசியில் கன்ட்ரோல் போர்டு போகும். இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. கடல் உப்புக்காற்று போல்ட்டுகளை ஒரு மழைக்காலத்தில் துருவாக்கிவிடும். கரித்தூளும் சாம்பலும் மோட்டார் மூடிக்குள் போய்ப் படியும். சுற்றிலும் இன்னும் மின்நிலையங்கள் ஓடுகின்றன. வல்லூரில் மட்டும் 1,500 மெகாவாட். வெள்ளைத் துணியால் பெல்ட்டைத் துடைத்தால் கறுப்பாக வரும். கையேட்டில் ஆறு மாதம் என்று இருந்தால் நாங்கள் இரண்டு மாதத்தில் மூடியைத் திறக்கிறோம்.

திறக்கும் முன் அப்பா ஒரே கேள்விதான் கேட்பார்: “எல்.சி. வாங்கிட்டியா?” மின்வாரியத்தில் லைன் கிளியர் இல்லாமல் எந்த இயந்திரத்திலும் கை வைக்கக்கூடாது. வீட்டில் அதற்கு அர்த்தம் சுவிட்சை அணைப்பதல்ல, ப்ளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைப்பது. அணைத்தபின் போர்டில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், அதனால் பத்து நிமிஷம் காத்திருப்பது. நான் இதைக் கேலி செய்ததுண்டு. இப்போது செய்வதில்லை.

காரணம், அக்கா மகன். அப்போது அவனுக்கு நாலு வயசு. அப்பா மெதுவாக நடந்துகொண்டிருந்தார், பையன் பின்னால் தவழ்ந்து வந்து உருளும் ரோலரில் ஏதோ எடுக்கப்போனான். டிரெட்மில்லில் ஒரு சிவப்புச் சாவி உண்டு. காந்தமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் கயிற்றின் மறுமுனையில் கிளிப். சட்டையில் மாட்டிக்கொண்டால், ஆள் பின்னால் போனதும் சாவி பிடுங்கிக்கொண்டு இயந்திரம் நிற்கும். அப்பா அதைச் சட்டையில் மாட்டியிருக்கவில்லை, கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தார். பையன் அலறியதும் அவர் திரும்பிப் பார்த்த அதே நொடியில் கயிற்றை இழுத்தார். யோசித்துச் செய்ததல்ல. கன்வேயர் நெடுகப் பக்கவாட்டில் ஒரு கயிறு ஓடும், புல் கார்டு. யார் எங்கிருந்து இழுத்தாலும் பெல்ட் நிற்கும். அவர் கைக்கு அது பழக்கம். பையனுக்கு இரண்டு விரல் நுனித் தோல் மட்டும் போனது. அமெரிக்காவில் 2021 மே மாதம் பெலட்டான் நிறுவனம் ஒரு குழந்தை இறந்த பிறகு டிரெட் பிளஸ் மாடலில் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற்றதைப் படித்தபோது, எங்கள் கூடத்துச் சிவப்புச் சாவிதான் என் கண்ணில் வந்தது. இப்போது நடை முடிந்ததும் சாவியைக் கழற்றி அலமாரியின் மேல் தட்டில் வைக்கிறோம், ப்ளக்கும் வெளியே.

அப்பா கைலியில் நடக்கப் பார்த்ததும் ஒரு பாடம். 1948 தொழிற்சாலைச் சட்டம், ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை பார்ப்பவர் இறுக்கமான உடை அணியவேண்டும் என்றது. அதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். முறைத்துவிட்டுப் போய் டிராயரும் ஷூவும் மாட்டிக்கொண்டு வந்தார். ஏறும் முறையும் அவர் வழியில்தான்: இரண்டு ஓரப் பலகையிலும் கால் வைத்து நின்று, பெல்ட் ஊர ஆரம்பித்தபின் காலை வைப்பது. முதல் ஐந்து நிமிஷம் மெதுவாக, கடைசி ஐந்து நிமிஷம் மறுபடி மெதுவாக. சட்டென நின்றால் தலை சுற்றும். மார்பில் அழுத்தம், இடது கையில் வலி, மூச்சுத் திணறல் வந்தால் நிறுத்திவிடவேண்டும், முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்பது கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் இதயத்துக்கு வேலை குறைந்துவிடும் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். கரன்ட் போனால் பிடிக்கத்தான் அது.

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்தில் கடலுக்கடியில் கிடந்த ஓர் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஏறக்குறைய 11.45 மணி. கண் எரிய, மூச்சடைக்க, ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். எங்கள் தெருவும் எழுந்தது. பைக்கில் ஏற்றும் முன் அப்பாவை நான் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன், கிட்டத்தட்ட ஓட்டமாக, முகத்தில் ஈரத் துண்டு. அவர் எங்கேயும் நிற்கவில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் சேர்ந்தபின் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்தார். இரண்டு நாள் கழித்து வீடு திரும்பினோம். டிரெட்மில் போட்ட இடத்திலேயே நின்றது, மேலே மெல்லிய தூசி.

அடுத்த நாள் காலை வழக்கம்போல ஆறு மணிக்கு ஏறினார். வேகம் 3.5 கி.மீ. சட்டையில் கிளிப். ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

இந்த ஞாயிறு எண்ணெய் விடணும். பெல்ட் வலது பக்கம் ஒதுங்குவதாகச் சொல்கிறார். எனக்குத் தெரியவில்லை. அவருக்குச் சத்தத்திலேயே தெரியும்.